கோல் போடாமல் எழுதிய ஒன்பது எண்கள்

போன மழையின்போது லாரிகளுக்கு அவசர அனுமதி கொடுப்பதைச் சுலபமாக்கினார்கள். நெல்லோ கரும்போ காய்கறியோ ஏற்றி வரும் கனத்த லாரிகளுக்கு, தண்ணீர் வடியும் வரையில் எடை பார்க்க வேண்டாம், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் போன வாரம், நான் வேலை பார்த்த ரோட்டு இலாகாவிலிருந்து இரண்டு இளம் இன்ஜினீயர்கள் என் வீடு தேடி வந்தார்கள். ஆபீஸ் மலர் ஒன்று போடுகிறார்களாம்.

“சார், பிரெஞ்சுக்காரன் காலத்துல பெர்மிட்டெல்லாம் எவ்ளோ ஸ்ட்ரிக்ட்டா இருந்துச்சின்னு நீங்கதான் எழுதிக் குடுக்கணும். இப்ப இருக்கிறவங்க தெரிஞ்சிக்கட்டும்” என்றார் ஒருவர்.

நான் தலையை ஆட்டினேன். காபி கொடுத்து அனுப்பினேன். ஸ்ட்ரிக்ட்டாகத்தான் இருந்தது. அந்தக் கண்டிப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் வந்திருக்க மாட்டார்கள். கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் சவரிமுத்து. செர்த்திபிக்கா என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் சிபாரிசில் வில்லியனூர் ரோட்டு ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அப்போது யுத்தம் தொடங்கியிருந்தது. முதல் வருஷம் பூராவும் நான் செய்த வேலை, ரோட்டில் கொட்டிய செம்மண் வண்டிகளை எண்ணியதும், பிரெஞ்சில் தப்புத் தப்பாகக் கடிதம் எழுதித் திட்டு வாங்கியதும்தான். இரண்டாம் வருஷம் என்னைப் பெர்மி வேலைக்கு மாற்றினார்கள். அனுமதிச் சீட்டைத்தான் பெர்மி என்போம்.

அந்தக் காலத்து ரோடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தார் எல்லாம் டவுனோடு சரி. வில்லியனூரிலிருந்து தெற்கே, மேற்கே போகிற பாதைகளில் சரளையும் செம்மண்ணும் போட்டு உருளை ஓட்டியிருப்பார்கள். வெயில் காலத்தில் அருமையாக இருக்கும். நாலு நாள் மழை பெய்தால் ஒரு பாரம் ஏற்றிய லாரி போதும், மொத்த ரோட்டையும் உழுது போட்டுவிடும். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரிக்காரர்கள் எல்லாரும் பின்னால் ஒரு கரி உலையை மாட்டிக்கொண்டு, கரிப்புகையில் வண்டி ஓட்டினார்கள். அந்த உலையின் கனம் வேறு. ஆகவே மழை பெய்ததும் ரோட்டின் இரண்டு முனையிலும் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவோம். மாட்டு வண்டி ஓரமாகப் போகலாம். லாரி போக வேண்டுமானால், அதுவும் அறுவடை நெல், விதை நெல், வெட்டிய கரும்பு இப்படி வீணாகிப்போகிற சரக்காக இருந்தால் மட்டும், அவசரப் பெர்மி வாங்கிக்கொண்டு போகலாம்.

பெர்மி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது எங்கள் மேலதிகாரி முசே பெலிக்ஸ். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. டவுனில் பிறந்த தமிழர்தான். கறுத்து, ஒல்லியாக, எப்போதும் கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டோடு இருப்பார். அவருக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் கோல் தொரை. காரணம், அவர் கையில் எப்போதும் இருக்கும் ஒரு தேக்குக் கோல். அடியில் இரும்புப் பூண், உச்சியில் ஈயக் குண்டு, பக்கவாட்டில் விரல் அகலத்துக்கு ஒன்றாக வெட்டிய கோடுகள். கோலை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, நேராகப் பிடித்து, கையை விட்டுவிட வேண்டும். தள்ளக் கூடாது. எத்தனை கோடு மண்ணுக்குள் போகிறதோ அதுதான் அந்த இடத்தின் எண். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்திலும் இப்படிப் போட்டுப் பார்த்து, வரிசையாக எழுதிக்கொண்டு வர வேண்டும். இரண்டு கோடு வரையில் முழுப் பாரத்துக்கு அனுமதி. மூன்று என்றால் பாதிப் பாரம். நான்கு வந்துவிட்டால் கிடையாது. ஒன்பது இடத்தில் எட்டு இடம் பாறையாக இருந்து ஒரே இடத்தில் நான்கு வந்தாலும் கிடையாதுதான்.

பண்டசோழநல்லூர் ரோட்டில் இப்படி ஒன்பது இடங்கள். நடுவில் இரண்டு கிலோமீட்டருக்கு இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கே வரும். அங்கே எங்கள் கல் இல்லை, அவர்களுடைய மைல் கல்தான். அந்தத் துண்டில் கோல் போட எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அவர்கள் ரோடு எங்களுடையதைவிட மோசம். அங்கே லாரி சிக்கினால் அது வேறு அரசாங்கத்தின் கவலை என்று முசே பெலிக்ஸ் சிரிக்காமல் சொல்வார்.

கோல் போடும் வேலை என்னுடையது. விடிகாலையில் சைக்கிளில் கோலைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், போய்த் திரும்ப நாலு மணி நேரம் ஆகும். ஆபீசுக்கு வந்ததும் நின்றுகொண்டே எண்களை உரக்கப் படிக்க வேண்டும். அவர் தன் கையாலேயே ரெஜிஸ்தரில் எழுதுவார். ஒவ்வொரு எண்ணுக்கும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் மூன்று பிரதி எழுதி, லாரி எண், மூட்டைக் கணக்கு, சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை என்று குறித்து, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். இல்லையென்றால் பேனாவை மூடிவிடுவார். மூடிய பேனாவை யார் சொல்லியும் திறந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பெரிய அதிகாரியின் மைத்துனரே கரும்பு லாரிக்கு வந்து கேட்டு, முகம் சிவந்து திரும்பிப் போனார். அன்றைக்கு முசே பெலிக்ஸ் என்னிடம் சொன்னது ஞாபகமிருக்கிறது. “ரோடு என்ன சொல்லுதோ அதைக் கேட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லு. உன் அபிப்பிராயம் எனக்கு வேணாம்.”

அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு தரம் நான் இரண்டு என்று எழுதிக் கொடுத்த இடத்தில் ஒரு லாரி அச்சு வரையில் புதைந்துவிட்டது. என் தப்பு இல்லை. நான் போட்ட இடத்துக்கு நாலு கஜம் தள்ளி ஊற்று இருந்தது. ஆனாலும் மூன்று நாள் ஆட்களை வைத்து இழுத்தார்கள். டவுனிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முசே பெலிக்ஸ் என்னைக் காட்டிக் கொடுக்காமல் தானே பதில் எழுதினார். எனக்கு அதிலிருந்து ஒரு புத்தி வந்தது. நல்ல புத்தி அல்ல. எண்ணைக் குறைத்து எழுதினால் லாரி புதையும், கேள்வி வரும். கூட்டி எழுதினால் லாரியே போகாது. போகாத லாரியைப் பற்றி எவனும் கடிதம் எழுத மாட்டான். இல்லை என்று சொல்கிற குமாஸ்தாவுக்கு ஒருநாளும் ஆபத்து கிடையாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

மார்கழித் தொடக்கத்தில் பருவம் தவறி மழை பிடித்துக்கொண்டது. அறுத்துப்போட்ட சம்பா தண்ணீரில் கிடந்தது. வாரிக் களத்தில் சேர்த்தவர்களுக்கும் களமே சேறாக இருந்ததால் உலர்த்த வழியில்லை. மழை விட்ட பிறகும் மூட்டம் விலகவில்லை. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடு ஏறி முளைவிட்டுவிடும். ஒரே வழி, வில்லியனூர் ரைஸ் மில்லுக்குக் கொண்டு வந்துவிடுவது. அங்கே நெல் அவிக்கிற பெரிய தொட்டி இருந்தது, சிமெண்டுக் களம் இருந்தது. மாட்டு வண்டியில் கொண்டுவரலாம் என்றால் அந்த மழையோடு கோமாரி வந்து, ஊர் மாடுகள் பாதி காலைத் தூக்கிக்கொண்டு நின்றன.

டிசம்பர் கடைசி நாள் சாயந்திரம் பண்டசோழநல்லூரிலிருந்து குப்புசாமி என்ற குத்தகைக்காரர் ஆபீசுக்கு வந்தார். முப்பது வயசு இருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு. மடியிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து முசே பெலிக்ஸின் மேஜை ஓரத்தில் வைத்தார்.

“தொரை, தொட்டுப் பாருங்க. கொதிக்குது. நாளிக்கி ஒரு நாளு தாங்கும். அதுக்கு மேல தாங்காது. என்னுதும், பங்காளிங்க நாலு பேருதும் சேத்து ஒரு லாரி நெல்லு. இது மில்லுக்குப் போவலன்னா குத்தகை நெல்லு அளக்க முடியாது. நெலத்த வாங்கி வேற ஆளுக்கு வுட்டுடுவாங்க. அப்பறம் நானு கூலிக்குத்தான் போவணும்.”

முசே பெலிக்ஸ் நெல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“நாளைக்கு வருஷப் பிறப்பு, லீவு. பரவாயில்லை, நான் வர்றேன். காலையிலே குமாஸ்தா கோல் போட்டுட்டு வந்து சொல்லட்டும். நீ லாரியை ஒன்பது மணிக்குச் சங்கிலிகிட்ட நிறுத்து” என்றார்.

குப்புசாமி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, நீங்க ஒரு வார்த்த நல்லபடியா சொல்லுங்க. உங்களைத்தான் நம்பிக்கினு இருக்கிறேன்.” சரி, பார்க்கலாம் என்றேன். அப்போது நிஜமாகவே அவருக்கு உதவ வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இனிமேல் எழுதப் போவதை என் பெண்டாட்டிக்குக்கூட நான் சொன்னதில்லை.

பிரெஞ்சு வருஷப் பிறப்பன்று எங்களைப் போன்ற சின்ன உத்தியோகஸ்தர்கள் எல்லாரும் டவுனுக்குப் போய், பெரிய அதிகாரிகளின் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழமும் மாலையுமாக நின்று வணங்கிவிட்டு வருவது வழக்கம். எவன் வந்தான், எவன் வரவில்லை என்று அவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்று நாங்கள் நம்பினோம். அந்த வருஷம் தற்காலிகக் குமாஸ்தாக்களில் இரண்டு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. நான் டவுனில் ஒரு ஜோடி தோல் ஷூ வாங்கி வைத்திருந்தேன். வெள்ளைக் கால்சட்டை தைத்து, கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்திருந்தேன். பஸ் ஒன்பதரைக்கு. அதை விட்டால் மத்தியானம்தான். அதற்குள் பெரிய அதிகாரி மாதா கோயிலிலிருந்து வந்து, வணக்கம் வாங்கி, கதவைச் சாத்திவிடுவார்.

நாலரை மணிக்கு எழுந்தேன். வெளியே சடசடவென்று மழை. வில்லியனூரில் அரை மணி நேரம் நல்ல மழை பெய்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சேற்றில் நாலு மணி நேரம் சைக்கிள் மிதித்துத் திரும்பி, குளித்து, உடுத்தி, பஸ் பிடிப்பது எப்படி? இங்கே இப்படிப் பெய்தால் அங்கேயும் பெய்திருக்கும். எண் நான்குக்கு மேல்தான் வரப்போகிறது. போய்ப் பார்த்து வந்து அதைச் சொல்வதற்குப் பதில் பார்க்காமலே சொன்னால் என்ன? இப்படித்தான் யோசித்தேன். மழை ஐந்து மணிக்கெல்லாம் நின்றுவிட்டது. அப்போதும் நான் கிளம்பவில்லை. திரும்பவும் படுக்கவுமில்லை. விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து ஷூவுக்கு மெருகு போட்டேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து ஒன்பது எண்களை எழுதினேன். நாலு நாளைக்கு முன் நிஜமாகவே போட்ட எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு கூட்டினேன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி கூட்டினால் சந்தேகம் வரும் என்று ஒன்றிரண்டை அப்படியே விட்டேன். மதகுப் பக்கம் தாழ்வான இடம், அங்கே ஐந்து போட்டேன். பொய்யை அழகு பார்த்துப் பார்த்துச் செய்தேன். எட்டரை மணிக்கு சைக்கிளைக் குளத்தங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு சக்கரத்தையும் சேற்றில் உருட்டினேன். கோலின் பூணிலும் கொஞ்சம் சேறு அப்பினேன். பழைய வேட்டியில் கையாலேயே சேற்றைத் தெளித்துக்கொண்டேன்.

முசே பெலிக்ஸ் லீவு நாளில் தனியாக ஆபீசைத் திறந்து உட்கார்ந்திருந்தார். நான் நின்று படித்தேன். அவர் எழுதினார். மதகுக்கு ஐந்து என்றபோது நிமிர்ந்து பார்த்தார்.

“மதகா? அங்கே எப்பவும் அப்படித்தான்” என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே சங்கிலிக்குப் பக்கத்தில் லாரி நின்றிருந்தது. டிரைவர் கரி உலையின் விசிறியைச் சுழற்றி மூட்டிக்கொண்டிருந்தான். குப்புசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். முசே பெலிக்ஸ் ரொம்ப நேரம் பேனாவை மூடவில்லை. “வேற வழி ஏதாவது இருக்கா, சவரிமுத்து?” என்று என்னைக் கேட்டார். அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

நான் மூன்று என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். “இல்லை முசே, ரொம்ப இளகிக் கிடக்கு” என்றேன். பேனா மூடியது.

வெளியே வந்து குப்புசாமியிடம் நான் சொன்னது இதைவிட மோசம். “எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், குப்புசாமி. தொரை மசியல. பிடிச்ச பிடியா நிக்கிறார்.”

அவர் லாரியைப் பார்த்தார், ஆபீசைப் பார்த்தார். “நீங்க இன்னா பண்ணுவீங்க ஐயா, உங்களால ஆனத செஞ்சீங்க” என்றார். நான் ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தேன். பெரிய அதிகாரி என் எலுமிச்சம்பழத்தை வாங்கிப் பக்கத்துத் தட்டில் போட்டுவிட்டு, என் ஷூவைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மூன்றாம் தேதி காலையில்தான் மறுபடி கோல் போட அனுப்பினார்கள். இந்தத் தடவை நிஜமாகவே போனேன். வில்லியனூரைத் தாண்டி இரண்டாவது கல் வரையில் ஈரம் இருந்தது. மூன்றாவது கல்லில் கோல் ஒரு கோடுதான் இறங்கியது. நான்காவதில் ஒன்று. மதகில் இரண்டு. சைக்கிள் சக்கரத்தில் சேறே ஒட்டவில்லை. முதல் தேதி மழை வில்லியனூரோடு நின்றிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு சொட்டும் விழவில்லை. ஒரு வாரக் காற்றில் சரளை இறுகிக் கிடந்தது. முதல் தேதியே முழுப் பாரத்தோடு லாரி போய் வந்திருக்கலாம்.

பண்டசோழநல்லூர்க் களத்துக்குப் போய் நின்றேன். புளித்த வாடை தூரத்திலேயே வந்தது. நெல் குவியலின் மேலே வெள்ளை வெள்ளையாக முளை. குப்புசாமியின் மனைவி பச்சையம்மாள் களத்தோரம் அடுப்பு மூட்டி, வீட்டு அண்டாவில் முடிந்த அளவுக்கு நெல்லை அவித்துக்கொண்டிருந்தார். ஈர விறகு புகைந்தது. இரண்டு நாளாகத் தூங்காத முகம். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடுப்பை ஊதினார்.

அப்போதாவது நான் திருந்தியிருக்க வேண்டும். திரும்பி வரும் வழி முழுக்க என் மனசு கணக்குப் போட்டது ஒன்றே ஒன்றுதான். முதல் தேதி ஐந்து என்று ரெஜிஸ்தரில் இருக்கிறது. வெயிலே இல்லாத இரண்டு நாளில் அது எப்படி இரண்டாகும்? மாட்டிக்கொள்வேன். ஆகவே மதகுக்கு மூன்று என்று படித்தேன். முன்பு சொன்ன பொய் மாறாமல் இருக்க இன்னொரு பொய். முசே பெலிக்ஸ் பாதிப் பாரத்துக்குப் பெர்மி கொடுத்தார். லாரி போய்ப் பாதி நெல்லைக் கொண்டு வந்தது. மில்காரர் மூட்டைக்குள் கையை விட்டு எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், “திருப்பிக் கொண்டு போ” என்றார். மறு நடைக்கு அவசியமே ஏற்படவில்லை.

மில்லிலிருந்து குப்புசாமி நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஒரு பிடி முளைத்த நெல்லைத் திறந்திருந்த ரெஜிஸ்தர் மேலே எறிந்தார்.

“எழுதிக்க தொரை! இதையும் எத்தினி கோடுன்னு எழுதிக்க! ரோட்ட நீ காப்பாத்தினல்ல, அந்த ரோட்ட அவிச்சி துன்னு! இந்த ஐயா அவ்ளோ சொன்னாரே, ஒனுக்கு மனசு எறங்குச்சா?”

முசே பெலிக்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதையும் சொல்லிப் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் மறுபடி குப்புசாமி பக்கம் திரும்பினார்.

“கையெழுத்து என்னுது. பழி என்னோடது. வேற யாரையும் இதிலே இழுக்காதே” என்றார்.

குப்புசாமி போன பிறகு அவர் முளைத்த நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்தார். தலை நிமிராமல் கேட்டார்: “அன்னைக்கு மதகுகிட்ட கோல் நேரா விழுந்துதா?”

“நேராத்தான் விழுந்துது, முசே.”

“சரி.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து கோலைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தே போக ஆரம்பித்தார். வயசு ஐம்பதைத் தாண்டியவர். குடையும் கோலுமாக அவர் விடிகாலையில் சங்கிலியைத் தாண்டிப் போவதை நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார். சித்திரையில் நான் நிரந்தரமானேன். அதற்கு அவர் எழுதிய சிபாரிசுக் கடிதத்தை நானே தபாலில் சேர்த்தேன். அதில் என்னைப் பற்றி நல்லதாக நாலு வரி இருந்தது. ‘துல்லியமானவர்’ என்ற வார்த்தை மட்டும் இல்லை. மற்றக் குமாஸ்தாக்களுக்கு எல்லாம் அதை எழுதுவார்.

குப்புசாமியால் குத்தகை அளக்க முடியவில்லை. நிலம் கைமாறியது. அவரும் பச்சையம்மாளும் அதே நிலத்தில் மற்றவனுக்கு நாற்று பிடுங்கப் போனார்கள். பண்டசோழநல்லூரிலும் பக்கத்து ஊரான கரியமாணிக்கத்திலும் முசே பெலிக்ஸுக்கு ‘முளைநெல்லு தொரை’ என்று பெயர் வந்தது. அவர் கோல் போட்டுக்கொண்டு போகும்போது முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்களாம். அவர் ஓய்வு பெற்றுக் கிளம்பிய அன்று வழியனுப்ப ஊர்ப்பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. டவுனில் தனியாக இருந்து செத்துப்போனார். எனக்கோ அந்த ஊர்களில் நல்ல பெயர். பொங்கலுக்குப் பூசணிக்காயும் மொச்சையும் கொடுத்தனுப்புவார்கள். குப்புசாமியிடமிருந்தும் வரும். கூலிக்குப் போகிறவர் வீட்டு மொச்சையை நான் வாங்கிச் சமைக்கச் சொல்லித் தின்றேன். அந்த வெட்கத்தை என்னவென்று எழுதுவது?

பிரெஞ்சுக்காரன் போனான். சங்கிலிகளைக் கழற்றினார்கள், தார் போட்டார்கள். நானும் ஓய்வு பெற்றேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை கிளம்பி, வில்லியனூர் பஸ் ஸ்டாண்டோடு திரும்பியிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் போயேவிட்டேன். குப்புசாமி படுத்த படுக்கையாக இருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணெல்லாம் தண்ணீர். பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

“யாரு தெரிதா? அன்னிக்கி அந்த முளைநெல்லு தொரைகிட்ட நமக்காவ மல்லுக்கு நின்னாரே, அவுருதான்டா. வுழுந்து கும்புடுங்க.”

பிள்ளைகள் காலில் விழுந்தன. நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவர்களைத் தூக்கி நிறுத்தினேன். பச்சையம்மாள் சோறு போட்டார். சாப்பிட்டேன். கிளம்பும்போது ரோடு வரையில் கூட வந்தார். அங்கே நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“அன்னிக்கி விடிகாலைலேர்ந்து நானு எட்டாவது கல்லாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். நீங்க கோலு போட்டாத்தான் லாரி வரும்னு சொன்னாரு. எப்ப வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். பொழுது ஏறுற வரிக்கும் நின்னேன். உங்க சைக்கிளு வரவேயில்ல.”

“அவருகிட்டே சொல்லலியாம்மா?” என்றேன்.

“சொல்லியிருந்தா அவுரு அன்னிக்கே உங்கள வெட்டியிருப்பாரு. நெல்லும் போயி, நெலமும் போயி, ஆளும் ஜெயிலுக்குப் போவணுமா? உங்களுக்காவ ஒண்ணும் வாய மூடிக்கினு இல்ல.”

இப்போதே உள்ளே போய் அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்று திரும்பினேன். பச்சையம்மாள் குறுக்கே வந்து நின்றார்.

“வேணாம். இன்னும் எத்தினி நாளு இருக்கப் போறாரு? ஆபீஸ்காரன்ல ஒருத்தனாவது நமக்காவ பேசினான்னு நெனச்சிக்கினு இருக்கிறாரு. அதையும் புடுங்கிக்கினு போவாதீங்க. பஸ்ஸு வந்துடும், போங்க.”

போனேன்.

குப்புசாமி இந்த மாசியில் காலமானார். இன்ஜினீயர்கள் வந்து கட்டுரை கேட்ட மறுநாள் நான் மறுபடியும் பண்டசோழநல்லூருக்குப் போனேன். பச்சையம்மாளிடம் இப்படி எழுதக் கேட்டிருக்கிறார்கள், எழுதட்டுமா என்றேன். அவர் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

“எழுதுங்க. யாரோ ஒரு குடியானவன், யாரோ ஒரு குமாஸ்தான்னு எழுதாதீங்க. அவுரு பேரப் போடுங்க. உங்க பேரையும் போடுங்க” என்றார். நான் எழுந்தபோது, “அந்தத் தொரை பேரு இன்னா? எங்களுக்குத் தெரியவே தெரியாது. இத்தினி வருசமா அந்த ஆள வாயில வந்தபடி திட்டிக்கினு இருந்துட்டோமே. அவுரு பேரையும் போடுங்க” என்றார்.

மூன்று பேர் பெயரையும் போட்டிருக்கிறேன்.